லோயர் பெர்த்தும் ஒரு சேலைத் தொட்டிலும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இன்றும் தலைப்பிரசவம் என்றால் தாய்வீடுதான். வளைகாப்பு முடிந்ததும் மகளை அழைத்துவந்து, பேறுகாலம் பார்த்து, பிள்ளைக்குக் கழுத்து நிற்கத் தொடங்கும் மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ நல்ல நாள் பார்த்துப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை என்றால், அந்த நல்ல நாளின் சாயங்காலம் பெரும்பாலும் ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தில் கழிகிறது. செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸ்தான் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் நெடும்பயணம்.

ராஜபாளையத்தில் இரவு எட்டு மணி வாக்கில் ஏறினால் மறுநாள் காலையில் எழும்பூர். சுமார் பத்து மணி நேரம். மூன்று மாதப் பிள்ளை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கேட்கும். மதுரைக்குள் ஒரு தடவை, திருச்சியை ஒட்டி ஒரு தடவை, தாம்பரம் வருவதற்குள் இன்னும் ஒன்றிரண்டு தடவை. இடையில் ஈரத்துணி மாற்ற வேண்டும், ஏப்பம் விடவைக்க வேண்டும், கண் அசந்த பிள்ளை பக்கத்துப் பெட்டிக்காரரின் செல்போன் சத்தத்தில் விழித்துவிடாமல் பார்க்க வேண்டும். இவ்வளவும் ஏறத்தாழ இரண்டடி அகலமுள்ள ஒரு ரெக்ஸின் படுக்கையில் நடக்கிறது. அதில் தாயும் படுக்க வேண்டும்.

ரயில்வேயின் கணக்குப்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் தேவையில்லை. கேட்டால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். நல்ல சலுகைதான். ஆனாலும் ரிசர்வேஷன் படிவத்தைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். டிக்கெட் வேண்டாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று அதில் தனியாக ஓர் இடம் இருக்கிறது. பெயர், வயது, ஆணா பெண்ணா என்று எழுதிக்கொடுக்கிறோம். இணையத்தில் பதிவு செய்தாலும் அதே கேள்விகள்தான். ஒரு வயதுக்குக் குறைவா என்பதுவரை கேட்கிறார்கள். ஆக, எந்த ரயிலில் எந்த டிக்கெட்டோடு கைக்குழந்தை வருகிறது என்பது பயணத்துக்குப் பல நாள் முன்பே ரயில்வேக்குத் தெரியும். அந்தத் தகவல் தாய்க்கு ஒரு லோயர் பெர்த்தைக்கூட உறுதிசெய்து தருவதில்லை.

இதைவிட வருத்தம் தரும் விஷயம் ஒன்று உண்டு. மூத்த குடிமக்கள், 45 வயதைத் தாண்டிய பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்காக ஸ்லீப்பர் வகுப்பில் கோச்சுக்கு ஆறேழு லோயர் பெர்த்துகளையும், மூன்றடுக்கு ஏ.சி.யில் நாலைந்தையும், இரண்டடுக்கில் மூன்று நான்கையும் ரயில்வே ஒதுக்கி வைத்திருக்கிறது. ரயில் கிளம்பிய பிறகு லோயர் பெர்த் ஏதாவது காலியானால், மேல் படுக்கை கிடைத்த முதியவருக்கோ மாற்றுத்திறனாளிக்கோ கர்ப்பிணிக்கோ அதைக் கொடுக்க டி.டி.இ.க்கு அதிகாரம் உண்டு. பாலூட்டும் தாய் இந்தப் பட்டியலில் இல்லை. ஏழு மாத வயிற்றோடு ஊருக்கு வந்தபோது லோயர் பெர்த் கிடைத்த அதே பெண், மூன்று மாதப் பிள்ளையோடு திரும்பிப் போகும்போது மிடில் பெர்த் விழுந்தால் எதிரில் இருக்கிறவரிடம் கெஞ்ச வேண்டியதுதான். “அண்ணே, கைப்பிள்ளை இருக்கு, கீழ கொஞ்சம் மாத்திக்கிடலாமா?” என்று கேட்டால் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் எழுந்துகொள்கிறார்கள். ஆனால் சக பயணியின் இரக்கத்தை நம்பித்தான் ஒரு பச்சைப்பிள்ளையின் இரவு அமைய வேண்டுமா?

ரயில்வே இதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2022 மே மாதம், அன்னையர் தினத்தை ஒட்டி, லக்னோ மெயிலின் மூன்றடுக்கு ஏ.சி. கோச் ஒன்றில் ‘பேபி பெர்த்’ பொருத்திப் பார்த்தார்கள். லோயர் பெர்த்தின் ஓரத்தில் கீல் வைத்து இணைத்த ஒரு சின்னப் படுக்கை. வேண்டாதபோது மடக்கிக் கீழே விட்டுவிடலாம். நீளம் 770 மில்லிமீட்டர், அகலம் 255 மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை இருமுறை அளந்தால் வருவதைவிடக் குறைவான நீளம், ஒரு சாண் சொச்சம் அகலம். பிள்ளை உருளாமல் இருக்கப் பட்டையும் தடுப்பும் இருந்தன. படம் வெளியானதும் நாடே பாராட்டியது.

பிள்ளை வளர்த்தவர்கள் ஒரு குறையையும் உடனே கண்டுபிடித்தார்கள். அந்தப் படுக்கை நீண்டிருந்தது ஆட்கள் நடமாடும் பக்கம். நடுராத்திரியில் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குகிறவரின் பை முதலில் இடிப்பது பிள்ளையின் தலையைத்தான். மேல் படுக்கையிலிருந்து தண்ணீர் பாட்டில் விழுந்தாலும் அங்கேதான் விழும். பிறகு பாதுகாப்பைக் கூட்டி வடிவத்தை மாற்றும் முயற்சிகள் நடந்தன. நாடாளுமன்றத்தில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அளித்த பதிலில், இருக்கை சேதமாகலாம், கால் நீட்டவும் சாமான் வைக்கவும் இடம் குறையும் என்ற தயக்கங்கள் எழுந்ததாகச் சொன்னார். பேபி பெர்த் நம் பக்கத்து ரயில்களில் வழக்கமான வசதியாக வந்து சேரவில்லை.

அதற்காக ராஜபாளையத்துப் பாட்டிகள் காத்திருக்கவுமில்லை. விருதுநகர் தாண்டி, சாப்பாட்டுப் பொட்டலங்களை மடக்கி, விளக்கை அணைக்கும் நேரத்தில், கைப்பிள்ளை உள்ள பெட்டியில் ஒரு பழைய நூல் சேலை பையிலிருந்து வெளியே வரும். புதுச்சேலை உதவாது, பல தடவை துவைத்து மெத்தென்று ஆன சேலைதான் பிள்ளையின் உடம்பை உறுத்தாது, முடிச்சும் வழுக்காது. எதிரெதிர் மேல்படுக்கைகளின் சங்கிலிகளில் சேலையின் இரு தலைப்பையும் இழுத்துக் கட்டி, முடிச்சு இறுகியதா என்று பாட்டி முதலில் தன் கையை ஊன்றிப் பார்ப்பார். பிறகு பிள்ளையைப் போட்டு, ஒரு ஓரத்தைப் பிடித்து ரெண்டு ஆட்டு. அதற்குமேல் ஆட்டும் வேலையை ரயிலே பார்த்துக்கொள்ளும். வீட்டில் அரை மணி நேரம் சிணுங்குகிற பிள்ளை மதுரைக்கு முன்பே தூங்கிவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணில் தொட்டிலுக்குத் தனி மரியாதை உண்டு. தமிழ் இலக்கியத்தில் தாலாட்டுக்கென்று ஒரு முழுப் பதிகத்தைப் பாடி வைத்தவர் இந்த ஊர்ப் பெரியாழ்வார். கண்ணனைத் தொட்டிலில் இட்டுப் பாடும் பாட்டு ஒரு பக்கம்; ராத்திரியும் பால் குடிக்காமல் தூங்கி, இன்று உச்சிப்பொழுதும் ஆகிவிட்டதே என்று யசோதை பதறிப் பிள்ளையைப் பாலுண்ண எழுப்பும் பாட்டு இன்னொரு பக்கம். தூக்கம், பால் என்று கைப்பிள்ளைக்காரிக்கு இருக்கிற இரண்டு கவலைகளும் பெரியாழ்வார் திருமொழியில் இருக்கின்றன. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் இலக்கியத்துக்கு ஊற்றுக்கண் இது என்று தமிழறிஞர்கள் சொல்வது பொருத்தமானதே.

சேலைத் தொட்டிலைப் புகழும்போதே அதன் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, கெட்டியான சமதளத்தில் தூங்கவிடுவதுதான் பாதுகாப்பு என்று குழந்தை மருத்துவம் சொல்கிறது. வளைந்து குழியும் துணியில் பச்சைப்பிள்ளையின் முகவாய் நெஞ்சில் மடிந்தால் மூச்சுப் பாதை அடைபடலாம். கழுத்து நிற்காத பிள்ளைக்கு இது பெரிய ஆபத்து. அதனால் ரயிலில் தொட்டில் கட்டினால் யாராவது ஒருவர் விழித்திருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோரும் தூங்கும் நேரம் வந்துவிட்டால் பிள்ளையை இறக்கிப் படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும். தொட்டில் லோயர் பெர்த்துக்கு மேலாக, கை எட்டும் தாழ்வில் இருக்கட்டும். நடைபாதைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சங்கிலியும் கொக்கியும் சரியாக மாட்டியிருக்கின்றனவா என்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். 2024 ஜூனில் கேரளத்துப் பயணி ஒருவர், மேலே இருந்த படுக்கை சரிந்து விழுந்து காயமடைந்து உயிரிழந்தார். படுக்கையில் பழுதில்லை, சங்கிலியைச் சரியாக மாட்டாததே காரணம் என்றது ரயில்வே. ஆள் படுத்திருக்கும் படுக்கையின் சங்கிலியில் தொட்டிலின் எடையையும் ஏற்றுகிறோம் என்ற நினைப்பு வேண்டும்.

படுக்கையில் போடும்போது பிள்ளை சுவர்ப்பக்கம், தாய் வெளிப்பக்கம். தலையணையும் கனத்த கம்பளியும் பிள்ளைக்கு வேண்டாம். ஏ.சி. கோச்சில் குளிருமே என்று ரயில்வே கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டால், அது ஆட்டத்தில் மெல்ல ஏறி மூக்கை மூடிவிடும். கூடுதலாக ஒரு சட்டை, கால் மூடும் பைஜாமா, காதை மறைக்கும் குல்லா போதும். தாய் உட்கார்ந்தபடி பால் கொடுத்துக்கொண்டே கண் அயர்வதுதான் ரயிலில் அதிகம் நடப்பது, அதிகம் பயப்பட வேண்டியதும் அதுவே. அந்த நேரத்துக்குத் துணையாக இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். தனியாக வருகிற தாய்க்கு அந்த இன்னொருவர் யார் என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை.

இனி பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனமும் நம் அரசும் திரும்பத் திரும்பச் சொல்வது. பயணத்துக்கு இதைவிட வசதியான உணவும் கிடையாது. சூடாக்க வேண்டாம், பாட்டில் கழுவ வேண்டாம், கெட்டுப்போகாது. தடை வெளியில் இருக்கிறது. எதிரில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கொடுப்பது என்ற கூச்சம், அந்தக் கூச்சத்தைக் கூட்டும் பார்வைகள். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தளவாய்புரம் என்றாலே நைட்டிதான், ஊரே தைக்கிறது. இரண்டு பக்கமும் ஜிப் வைத்த பீடிங் நைட்டிகள் ஜவுளிக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அதே தையலில் சுடிதார் டாப்களும் இப்போது வருகின்றன. மேலே ஒரு மெல்லிய துப்பட்டா போட்டுக்கொண்டால் எந்த வரிசையிலும் உட்கார்ந்து பால் கொடுக்கலாம். காற்றோட்டம் இல்லாத கனத்த துணியால் பிள்ளையின் முகத்தை மூடிவிடாமல் இருந்தால் சரி. பேண்டேஜ் துணிக்கும் காஸ் துணிக்கும் பெயர்போன சத்திரப்பட்டி பக்கத்திலேயே இருப்பதால், மெல்லிய பருத்தித் துணியின் அருமையை இந்த வட்டாரத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பவுடர் பால் கொடுக்கிறவர்களின் பாடு சிரமம். மாவை முன்னதாகவே கலக்கி பாட்டிலில் கொண்டுபோவது தவறு. நம் ஊர் வெக்கையில் அது சீக்கிரம் கெட்டுவிடும். கொதித்த தண்ணீரை நல்ல பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு, மாவை ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாக அளந்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கலக்க வேண்டும். கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால்தான் மாவில் இருக்கக்கூடிய கிருமி சாகும். பிறகு ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துப் புகட்டலாம். கலக்கி இரண்டு மணி நேரமாகிவிட்டால் கொட்டிவிட வேண்டும். ரயிலில் டீ விற்கிறவரிடம் வெந்நீர் வாங்கிக் கலக்குகிறார்கள். அந்தத் தண்ணீர் எப்போது கொதித்தது, எதில் கொதித்தது என்பது யாருக்கும் தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கென்று ஓர் எச்சரிக்கை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை ஒரு டப்பா வாங்காமல் இங்கிருந்து யாரும் ரயில் ஏறுவதில்லை. பெட்டியில் டப்பா திறந்ததும் ஆசையாக ஒரு விரல் எடுத்துப் பிள்ளையின் நாக்கில் தடவுகிற தாத்தாக்களும் உண்டு. பாசத்தில் குறையில்லை, ஆறு மாதம் ஆகாத வயிற்றுக்கு அது ஆகாது. தேன் தடவுவது அதைவிட மோசம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைப்பிள்ளையின் நரம்பையே தாக்கும். ஒரு வயதுவரை தேன் கூடாது. ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு ரயிலில் இட்லியும் வாழைப்பழமும் போல ஏதுமில்லை. இட்லி அவிந்தது, பழத்துக்கு அதன் தோலே மூடி.

கடலில் இந்த ஏற்பாடுகள் எப்படி இருக்கின்றன? 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த பிறகு, கப்பல் சுற்றுலா என்பது நடுத்தரக் குடும்பங்களின் பேச்சிலும் வந்துவிட்டது. உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. நாள்கணக்கில் கரையே தெரியாமல் பெருங்கடலைக் கடக்கும் பயணம் என்றால் ஒரு வயது நிறைய வேண்டும். நடுக்கடலில் பிள்ளைக்கு ஒன்று என்றால் ஆஸ்பத்திரி எட்டாத தூரம் என்ற நியாயமான அச்சம். ஆனால் ஏற்றிக்கொண்ட பிள்ளைக்கு, முன்கூட்டியே கேட்டால், அறையில் மடக்குத் தொட்டில் ஒன்றைப் போட்டு வைக்கிறார்கள். தூர தேசம் போகும் பெரிய விமானங்களிலும் முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டில் உண்டு. எடைக்கு வரம்பு வைத்து, டிக்கெட் போடும்போதே கேட்டுக்கொள்கிறார்கள். பிள்ளை வருகிறது என்று தெரிந்ததும் அதற்கு ஒரு படுக்கையைத் தேடுகிற பழக்கம் அங்கே வந்துவிட்டது.

தமிழர்களின் கப்பல் பயணமும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1926-ல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1973 வரை ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுபோனது. டெக் பயணிகளுக்கு அறை கிடையாது; பாய் விரித்த இடம்தான் படுக்கை. ஒரு வாரம் போல நீளும் அந்தப் பயணத்தில் கைப்பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களைக் காத்தது கப்பல் கம்பெனியின் ஏற்பாடு எதுவுமில்லை, தாயின் மடியும் சேலையும்தான். அரை நூற்றாண்டில் கடல் மாறிவிட்டது. நம் இரவு ரயிலின் ஸ்லீப்பர் பெட்டி இன்னும் ரஜுலாவின் டெக்கிலேயே இருக்கிறது.

தரையில் சில நல்ல காரியங்கள் நடந்திருப்பதையும் சொல்ல வேண்டும். 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி, தமிழ்நாட்டின் 352 பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். இந்தியாவிலேயே முன்னோடியான காரியம். அரசுப் பேருந்துகளில் ஐந்து வயதுவரை கட்டணமில்லை என்பது 2022 மே மாதத்து அறிவிப்பு. ரயில்வேயும் 2016 ஜூனில் ‘ஜனனி சேவா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது: பெரிய நிலையங்களில் குழந்தைகளுக்குச் சூடான பால், வெந்நீர், குழந்தை உணவு. அந்த வருட ரயில்வே பட்ஜெட்டில் கழிவறைகளில் பிள்ளைக்குத் துணி மாற்றும் பலகை பொருத்துவதாகவும் சொன்னார்கள். அந்தப் பலகையின் அருமை, ஆடும் ரயிலில் மடியில் வைத்து டயப்பர் மாற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அறையைத் திறப்பதோடு வேலை முடிவதில்லை. பாலூட்டும் அறைக்கு உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள் வேண்டும், ஓடுகிற மின்விசிறி வேண்டும், கை வைத்த நாற்காலி ஒன்று வேண்டும். முதுகு சாயாமல் இருபது நிமிஷம் பிள்ளையைத் தாங்கிப் பால் கொடுப்பது, தையல் ஆறாத உடம்புக்கு எவ்வளவு வலி என்பதை ஒப்பந்தப் புள்ளியில் சேர்க்க யாராவது ஒரு பெண்ணைக் கேட்டிருக்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடவைக்கிற அறை இருந்தும் இல்லாததுதான்.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, பிரசன்னா பி.வராலே அமர்வு, பொது இடங்களில் பாலூட்டும் அறைகளையும் குழந்தைப் பராமரிப்பு அறைகளையும் அமைப்பதில் மாநிலங்கள் அக்கறை காட்ட வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஏற்கெனவே உள்ள இடங்களில் இயன்றவரை செய்ய வேண்டும். புதிதாகக் கட்டும் இடங்களில் திட்டமிடும்போதே இதற்கு இடம் விட வேண்டும். பொது இடத்திலும் வேலையிடத்திலும் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் ஊருக்குச் சரியான நேரத்தில் வந்திருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு நிலையங்களுமே ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டப் பட்டியலில் இருக்கின்றன. முகப்புக்கும் வாகன நிறுத்தத்துக்கும் வரைபடம் போடும்போது, பிளாட்பாரத்தை ஒட்டி பத்துக்குப் பத்தில் ஓர் அறைக்கு இடம் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் நிற்பது ஓரிரு நிமிஷம்தான். ஏறுவதற்கு முன்பே பிள்ளையின் வயிறு நிறைந்து, துணி மாற்றி, தூக்கம் கண்ணைச் சொருகும் நிலைக்கு வந்துவிட்டால் அந்த இரவில் பாதி கடந்த மாதிரி. ஆடிப்பூரத் தேருக்கு ஊர் நிரம்பும் நாட்களில் இப்படி ஓர் அறைக்கு வாசலில் வரிசையே நிற்கும்.

மற்றதற்குப் பணம்கூட வேண்டாம். லோயர் பெர்த் ஒதுக்கீட்டில் கர்ப்பிணி என்ற சொல்லுக்குப் பக்கத்தில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையோடு வரும் தாய் என்று சேர்த்து ரயில்வே வாரியம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். மருத்துவச் சான்று கேட்க வேண்டாம், கவுன்ட்டரில் நிற்கவைக்க வேண்டாம். பிள்ளையின் வயது ஏற்கெனவே அந்த டிக்கெட்டிலேயே பதிவாகியிருக்கிறது.